விரதமும் விருந்தாளியும்

எங்கள் தெருவில், சிட்னியின் வென்ட்வர்த்வில்லில், யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர், இங்கும் அப்படித்தான். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதிலிருந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று திரை சொன்னது. புதிய பதிப்பை அந்தக் கணினி ஏற்காது.

"புதுசு வாங்கச் சொல்லி மகள் சொல்லுறா. இதுக்கு என்ன குறை, தம்பி?"

ஒரு குறையும் இல்லை. லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். மெல்பேர்ணில் முதுகலை படித்த காலத்திலிருந்து நான் சுதந்திர மென்பொருள் பக்கம். யாரும் திறந்து படிக்கவும் திருத்தவும் கூடிய நிரல்களே மனிதருக்கு உகந்தவை என்று நம்புகிறவன். ஆகவே மூடிய நிரல் ஒரு துளியும் இல்லாத லினக்ஸ் பதிப்பொன்றைத் தெரிந்தெடுத்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை; நானும் அவரைக் கேட்கவில்லை.

நான் பயந்தது அவருடைய பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளுக்கு. எழுத்துருவை நகலெடுத்ததும் அவை அப்படியே திறந்தன. மக்கர் பண்ணியது வைஃபை.

வைஃபை சில்லும் ஒரு குட்டிக் கணினிதான். மின்சாரம் வரும்போது பெரும்பாலும் அது வெறுமையாக இருக்கும். இயங்குதளம் ஒரு சிறு நிரலை அதற்குள் ஏற்றினால்தான் வேலை செய்யும். அதற்கு ஃபெர்ம்வேர் என்று பெயர். தயாரிப்பாளர் அதன் மூல நிரலைத் தருவதில்லை. இயந்திரம் மட்டும் படிக்கும் வடிவத்தில் தருகிறார். நான் நிறுவிய பதிப்பு கொள்கைப்படி அதைத் தொடாது. கேபிள் செருக அந்தக் கணினியில் துளையும் கிடையாது. மூடிய நிரல் தேவைப்படாத யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை வெளிநாட்டில் ஓடர் பண்ணினேன். "இரண்டு கிழமை பொறுங்கோ" என்றேன். "பரவாயில்லை தம்பி" என்றார்.

இந்தக் கொள்கையின் தொடக்கக் கதையும் ஒரு வன்பொருளில்தான் இருக்கிறது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஸெராக்ஸ் ஒரு லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. அதில் தாள் அடிக்கடி சிக்கியது. பழைய அச்சுப்பொறியில், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றியிருந்தார். புதியதில் அது முடியவில்லை, மூல நிரல் இல்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் கேட்டபோது, வெளியிடமாட்டேன் என்று கையொப்பமிட்டிருப்பதாக அவர் மறுத்தார். 1983இல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததன் பின்னணியில் அந்த மறுப்பும் இருந்தது. பக்கத்து மனிதனுக்கு உதவ முடியாமல் ஒரு நிரல் தடுக்கிறது என்பதே அவருடைய கோபம்.

இரண்டாவது ஞாயிறு காலை மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பொத்தான் கைப்பேசியைக் காதில் அழுத்திப் பிடித்து, "ஆ? என்ன? திருப்பிச் சொல்லுங்கோ அக்கா" என்று கத்திக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குக் காது மந்தம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிறுதோறும் சுன்னாகத்திலிருக்கும் அக்காவின் வாயசைவைப் பெரிய திரையில் பார்த்துத்தான் கதைத்து வந்தார் என்பது தெரியாது. அக்காவுக்கு வயது எண்பத்தாறு. நான் இரண்டு ஞாயிறுகளை எடுத்திருந்தேன்.

பக்கத்து மனிதனுக்கு உதவ முடியாமல் ஒரு நிரல் தடுக்கிறது. இந்த முறை தடுத்தது நான்.

விரதம் நான் இருக்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போடுவது விரதமாகாது. இது எளிதாக விளங்குகிறது. ஆனால் மறுபக்கமும் பொய்யல்ல. ஒவ்வொரு முறையும் நாம் விட்டுக்கொடுத்தால், எந்தத் தயாரிப்பாளர் தன் நிரலைத் திறப்பார்? விட்டுக்கொடுக்காத சிலர் இருந்ததால்தான் இன்று இத்தனை வன்பொருள் லினக்ஸில் ஓடுகிறது. தூய்மைவாதிகளிடமும் ஒரு விசித்திரம் உண்டு. அதே மூடிய நிரல் சில்லுக்குள்ளேயே நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தால், அதைச் சுற்றுப்பலகையின் பகுதி என்று கருதி ஏற்றுக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஏற்றினால்தான் குற்றம்.

டெபியன் சமூகம் இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் மல்லாடியது. 1997இல் எழுதிய சமூக ஒப்பந்தத்தில், தங்கள் வெளியீடு முழுக்கச் சுதந்திரமானதாக இருக்கும் என்று உறுதி கூறியவர்கள் அவர்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து ஒப்பந்தத்தையே திருத்தினார்கள்: நிறுவியோடு மூடிய ஃபெர்ம்வேரும் வரும். 2023இல் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. அந்தத் தீர்மானத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. என்னென்ன ஃபெர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று பயனருக்குத் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்பவருக்கு இயன்றவரை வழியும் இருக்க வேண்டும். வாக்கை மாற்றினார்கள், மாற்றியதை மறைக்கவில்லை.

அன்று மாலையே டெபியனை நிறுவினேன். அரை மணித்தியாலத்தில் வைஃபை வந்தது. எழும்புமுன் மாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன்: இதற்குள் அந்தக் கம்பனியைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாத ஒரு நிரல் இருக்கிறது, அதை விரும்பாமல்தான் உங்களைக் காக்க வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்துப் பேசச் சொல்லி, இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்:

"நீர் சொல்லுறது சரியாத்தான் இருக்கு. முதலே சொல்லியிருந்தா நானும் பொறுத்திருப்பனோ என்னவோ. ஆனா அதை நான் எல்லோ யோசிச்சிருக்க வேணும்?"

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பயனரின் சுதந்திரத்துக்காகவே இருபது வருடம் வாதாடியவன் நான். எதிரே இருந்த பயனரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வெளிநாட்டுக் குச்சி அடுத்த புதன்கிழமை வந்தது. என்ன செய்வது என்று அவரிடமே கேட்டேன். மேசை லாச்சிக்குள் வைக்கச் சொன்னார். "அக்காவோட கதைச்சு முடிய ஒருநாள் போட்டுப் பாப்பம்."