வருத்தம் பார்க்கப் போதலும் திருத்தொண்டே

திருநாவுக்கரசு நாயனார் தருமசேனர் என்ற பெயரோடு சமண சமயத்தில் இருந்தபோது கொடிய சூலை நோய் அவரைப் பற்றியது. உடனிருந்தோர் செய்த பரிகாரம் எதுவும் பலிக்கவில்லை. வலி தாங்காது இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியாரின் திருவடிகளில் விழுந்தார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனைக் கூறுமிடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். தம்மையும் தம் சமயத்தையும் விட்டுச் சென்ற தம்பியிடம் திலகவதியார் பழைய குறையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. இது இறைவன் திருவருள் என்று தேற்றி எழுப்பினார், திருநீறு அளித்தார், விடியுமுன் தாம் திருவலகுப் பணிக்குச் செல்கையில் அவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

இன்று வருத்தம் பார்க்கப் போகும் பலர் இதற்கு நேர்மாறாக நடப்பதைக் காணலாம். "சீனியைக் குறையுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனாங்கள்" என்று ஒருவர் தொடங்குவார். "இதே வருத்தம்தான் எங்கட பெரியப்பாவுக்கும் வந்தது, ஒரு மாதம்கூட இருக்கேல்லை" என்பார் மற்றவர். கேட்பவர் கட்டிலை விட்டு எழுந்து போக இயலாதவர் என்ற நினைவே அவர்களுக்கு இருப்பதில்லை. சொன்னவர்கள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்து விடுவர். அன்றிரவு முழுவதும் அச்சொல்லோடு விழித்துக் கிடப்பவர் நோயாளியே.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்பன அவை. பார்க்க வருபவர் இவற்றுள் சேரவில்லை! எனவே தாதியர் ஊசி போட வரும்போது விலகி நிற்பதும், மணி அடித்ததும் புறப்படுவதும், காய்ச்சல் தடிமன் உள்ளவர் போகாதிருப்பதும் அவரது கடமைகளாம்.

கோயில் பிரசாதம் கொண்டு செல்வது நல்ல வழக்கம். ஆயினும் அதிலும் விவேகம் வேண்டும். சத்திரசிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லப்பட்டவரின் வாயில் திருநீறோ தீர்த்தமோ இடலாகாது. காயத்தின் மேல் பூசுவதும் தவறு. கையைக் கழுவி, நெற்றியில் மட்டும் மெல்ல இட்டால் போதும். ஒட்சிசன் கொடுக்கப்படும் இடத்தில் கற்பூரம் ஏற்ற நினைப்பது பேராபத்து. திருநீற்றின் மகிமை அதிகம் பூசுவதில் இல்லை. செவ்விளநீரும் அப்படியே. குளிர்ச்சி என்று எல்லோருக்கும் வாங்கிச் செல்கின்றனர். அதிலுள்ள பொட்டாசியம் சிறுநீரக நோயாளருக்குக் கேடு செய்யக்கூடும். எதைக் கொடுக்கலாம் என்று விடுதித் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்பதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

பக்கத்துக் கட்டிலையும் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நெடுந்தீவிலிருந்து வரும் ஒருவரின் உறவினர், கடல் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, பின் பஸ் பிடித்தே வர வேண்டும். நாள்தோறும் வர அவர்களால் முடிவதில்லை. கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஒருவரைக் குசலம் விசாரிக்கும் அந்த மணி நேரத்தில், அடுத்த கட்டிலில் இருப்பவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். அப்பத்துப் பேரில் ஒருவர் திரும்பி, "ஐயா எந்த ஊர்? சுடுதண்ணிப் போத்தல் நிரப்பித் தரட்டோ?" என்று கேட்டால், அவர் எழுந்திருக்கப் பார்ப்பார். எழ வேண்டாம் என்று சொல்லிப் போத்தலை வாங்கிக்கொள்ளலாம்.