கண்ணாடிக்குள் ஒரு கடல்

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு வள்ளமேறுவோர் நாகபூசணி அம்மன் கோபுரத்தையும் நாகவிகாரையையும் நோக்கியிருப்பர். தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த நீரின் கீழே முருகைக்கல் வளர்ந்து கிடப்பதை நினைப்பவர் சிலரே. தீவகத்தாருக்கு அது வியப்பன்று. நெடுந்தீவில் மதில்களையே அக்கல்லால் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் இதே முருகையை உயிரோடு வீட்டுக் கூடத்தில் வளர்ப்பது இன்று பல நாடுகளில் வசதியுடையோரின் பொழுதுபோக்கு. அழகை நேசிப்பவன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு செல்வதிற் குற்றமென்ன?

அறியாமற் பழித்தல் முறையன்று. அத்தொட்டி எவ்வாறு அமைகிறது என்பதை முதலிற் காண்போம். குழாய்நீரை நுண்சவ்வினூடே அழுத்தி அதிற் கரைந்துள்ளவற்றை நீக்குகின்றனர்; பின்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவையை அதிற் கரைக்கின்றனர். (உவர்க்கிணறுகளோடு வாழும் நயினாதீவுப் பெண் இதைக் கேட்டால் சிரிப்பாள். 2024இல் தாளையடியில் திறக்கப்பட்ட ஆலையில் இதே வகைச் சவ்வு கடல்நீரின் உப்பை அகற்றிக் குடிநீர் தருகிறது.) அடுத்து, நுண்ணுயிர்கள் குடியேறிய கற்களை இடுவர். கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா நஞ்சை அந்நுண்ணுயிர்கள் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றப் பழகும்வரை வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விட்ட மீன் செத்து மிதக்கும். முருகை தன் கூட்டைக் கட்டுவதற்குக் கல்சியம் குறையக்கூடாது. ஒளியும் நீரோட்டமும் ஓயக்கூடாது. வெப்பம் 25 பாகையை அண்டி நிற்கவேண்டும். இந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். நம் பள்ளிக்கூடங்களில் உயிரியல் இவ்வளவு கவனத்தோடு கற்பிக்கப்படுவதில்லை.

இனித் தொட்டியை நிரப்பவேண்டும். கோமாளி மீன் போன்ற சில இனங்களைத் தொட்டியிலேயே இனம்பெருக்கக் கற்றுவிட்டார்கள். எனினும் முருகைக்கல் மீன்களிற் பெரும்பாலானவை இன்றும் கடலிலேயே பிடிபடுகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையிற் காற்றுக்கலன் சுமந்து இறங்கும் சுழியோடிகள் அவற்றைப் பிடிக்கிறார்கள். விரைந்து மேலெழுந்தால் மூட்டுகளை முடக்கும் நோய் அவர்களுக்கு உண்டு. அந்நிய நகரொன்றின் கடையில் அம்மீன் பெறும் விலையில் அவர்கள் கையிற் சேர்வது அற்பம்.

அவர்கள் பிடிப்பனவற்றுள் ஒரு சிறு மீன் இருக்கிறது. பிற மீன்களின் உடலில் ஒட்டிய உண்ணிகளைக் கொத்தித் தின்பதே அதன் பிழைப்பு. பெரிய மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்து காத்து நிற்கும். இது அஞ்சாமல் உள்ளே புகுந்து வெளிவரும். தொழிலும் உணவும் ஒன்றேயான அவ்வுயிரைத் தொட்டியில் இட்டால், அங்கே துப்புரவாக்கப் போதிய மீனுமில்லை, உண்ணியுமில்லை. வேலையிழந்து, பெரும்பாலும் பட்டினியாற் சாகிறது. பார்ப்பவருக்கோ அது அழகாக நீந்துவதாகவே தோன்றும்.

1854இல் இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கையியலாளர் கடல்நீர்த் தொட்டியைப்பற்றி நூலெழுதினார். அந்த ஆர்வம் தொற்றிக்கொள்ள, மக்கள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு விரைந்தனர். 1907இல் அவருடைய மகன் எட்மண்ட் கொஸ், தந்தை நேசித்த பாறைக்குட்டைகள் அவரது எழுத்தைப் படித்தவர்களாலேயே சூறையாடப்பட்டதை வருத்தத்தோடு பதிவுசெய்தார். தந்தை கொடியவரல்லர், கடலுயிர்களை உளமார நேசித்தவர். அந்த நேசம் பண்டமானபோது அதைத் தடுத்து நிறுத்தும் வலிமை அவரிடம் இருக்கவில்லை.

அப்படியாயின் வணிகத்தை அறவே தடைசெய்யலாமே என்பர் சிலர். முருகையைப் பெயர்ப்பதைச் சட்டம் தடுப்பது சரியே. ஆனால் மீன் வணிகமும் நின்றால் முதலிற் பசிப்பது சுழியோடியின் வீடு. ஏற்றுமதியாளர் வேறு பண்டத்துக்கு மாறிவிடுவார். மாற்றுத் தொழிலைப் பேசாத கருணை எனக்கு ஏற்புடையதன்று.

தொட்டிக்காரரின் அன்பு பொய்யன்று. உடைமையின் எல்லையில் அது நின்றுவிடுகிறது என்பதே என் குறை. நீர் இரண்டு பாகை சூடேறினால் அவர் நள்ளிரவில் எழுந்து குளிரூட்டியைத் திருத்துகிறார். 1998இற் கடல் சூடேறியபோது இலங்கையின் ஆழங்குறைந்த முருகைக்கற்கள் பெரும்பாலும் வெளிறி மடிந்தன. அச்சூட்டின் பொருளை அவரைப்போல் அறிந்தவர் அதிகமில்லை. அன்றும் அவர் தம் தொட்டியின் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.