அடைத்து வளர்த்தல் அறமாகுமா?

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமையேற்றுதல், உணவும் நீரும் தாராது தடுத்தல் என்பன அவை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை உரைத்தார். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உரைத்தார். அதன் நெறியைத் தமிழில் தழுவிய அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் பயிலப்பட்டு வருவது. அடித்தலும் அறுத்தலும் குற்றம் என்பதை எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. சூத்திரத்தில் முதலில் நிற்கும் கட்டுதலை மட்டும் நாம் மாட்டுக் கொட்டிலோடு நிறுத்திக்கொள்கிறோம். கூடத்தில் தொங்கும் கிளிக்கூண்டும், பிள்ளைகளின் அறையில் உள்ள கண்ணாடித் தொட்டியும் அச்சொல்லுக்குள் அடங்குமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பூஜ்யபாதர் தமது சர்வார்த்தசித்தி உரையில் கட்டுதல் என்பதற்குத் தரும் விளக்கம் கூர்மையானது. ஓருயிர் தான் விரும்பும் இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுப்பதற்குக் காரணமாவது எதுவோ, அதுவே கட்டு என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தில் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. வலி என்ற பேச்சும் இல்லை. கூண்டு பொன்னாலானதா இரும்பாலானதா, உள்ளே வைத்த பழம் நல்லதா என்ற ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. போக விரும்பிய உயிர் போக முடியாது நிற்கிறது. அவ்வளவே.

இக்கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் நாட்டின் சட்டமே இத்துறையில் மாறியுள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குள் கொல்லுதல் மட்டுமன்றிப் பிடித்தலும் கண்ணி வைத்தலும் அடங்கும். அச்சட்டம் 2022இல் திருத்தப்பெற்று, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளி இப்போது அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதனைப் பிடித்து வைத்திருப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2023இல் கோயம்புத்தூரில் வனத்துறையினர், வீடுகளில் வளர்க்கும் கிளிகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு மக்களுக்கு அறிவித்தனர். கிளி வளர்ப்பதும் ஒரு குற்றமா என்று வியந்தோர் பலர். அடைபட்ட கிளி நம் ஊர்களில் அத்துணை பழகிய காட்சி. சோதிடரின் சீட்டை எடுத்துத் தரும் கிளியும், பெயர் சொல்லி அழைக்கும் கிளியும் மரப்பொந்திலிருந்து இறகு முளைக்குமுன் எடுக்கப்பட்டவை என்பதை எவர் நினைத்தனர்?

வேற்று நாட்டு உயிர்களின் கதை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பும், தென் அமெரிக்காவின் பஞ்சவர்ணக் கிளியும் பச்சோணான் போன்ற இகுவானாவும், கையளவுள்ள மார்மோசெட் குரங்கும் நெடுங்காலம் நம் சட்டத்தின் கண்ணுக்குப் படாதவையாக இருந்தன. பயணப் பெட்டிகளில் துணிகளுக்கிடையே ஒளித்துக் கொணரப்படும் பாம்புகளையும் ஆமைக்குஞ்சுகளையும் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் அடிக்கடி கைப்பற்றுகின்றனர். ஆனால் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு வீட்டிற்குள் புகுந்துவிட்டால், பிறகு கேட்பாரில்லை என்ற நிலையே இருந்தது. 2020 ஜூன் திங்களில் மத்திய அரசு, இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் ஆறு மாதத்திற்குள் தாமாகவே தெரிவித்துவிட்டால் ஆவணம் கேட்கப்படாது என்று அறிவித்தது. அதன் பின்னர் 2024 பிப்ரவரி 28இல் முறையான விதிகளே வந்தன. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் (இந்தியா 1976 முதல் அதில் உறுப்பு நாடு) பட்டியலிடப்பட்ட உயிரை வைத்திருப்போர் அனைவரும் ஆறு மாதத்திற்குள் பதிவு செய்தல் வேண்டும். புதிதாகப் பெறுவோர் முப்பது நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பிறப்பையும் இறப்பையும் கைமாறுதலையும் தெரிவித்தல் வேண்டும்.

இவ்விதிகளை நாம் வரவேற்கிறோம். கணக்கே இல்லாத இடத்தில் ஒரு கணக்கு வந்தது நன்று. ஆயினும் பதிவேடு கேட்கும் கேள்வி யாது? இவ்வுயிர் எவருடையது, எங்கிருந்து வந்தது, தாள் உண்டா என்பதே. தாள் சரியாக இருந்தால் சட்டம் அகன்றுவிடும். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் சிறு பறவையை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் பெருங்கூட்டமாகத் திரிவது. அது மேற்சொன்ன உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. ஆகவே அதற்குப் பதிவும் வேண்டா. முழம் நீளக் கம்பிக் கூண்டில் நான்கினை அடைத்துத் தெருவில் விற்கலாம். எண்ணிக்கையில் குறையாத இனம் என்பதால் சட்டம் அதனை விட்டது. ஓரினத்தில் எத்தனை மீதமுள்ளன என்று விரதம் கேட்பதில்லை. உள்ளே நிற்கும் அந்த ஒன்றைப் பார்க்கிறது.

வேற்று நாடுகளிலும் சட்டம் பெரும்பாலும் பிறர்க்கு வரும் தீங்கு கண்டே விழித்திருக்கிறது. அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைக்குஞ்சுகளின் விற்பனையைத் தடுத்தார்கள். அவற்றால் குழந்தைகளுக்கு நோய் தொற்றியதே காரணம். புளோரிடாவில் வளர்ப்பதற்கென வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்கிருந்த முயல் முதலிய சிறு விலங்குகள் அருகின. 2012இல் அந்நாடு அப்பாம்பின் இறக்குமதியைத் தடுத்தது. பாம்பின் பொருட்டு எவரும் தடுக்கவில்லை.

சமண நூல்கள் இவ்விடத்தில் நெடுந்தொலைவு முன்னே நிற்கின்றன. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், சீவகன் தன் பழம்பிறப்பை அறியும் பகுதியை நம்மில் முதியோர் பலரும் அறிவர். அப்பிறப்பில் அவன் அசோதரன் என்னும் அரசிளங்குமரன். (யசோதர காவியத்து மன்னன் வேறு, இவன் வேறு.) பொய்கையில் இருந்த அன்னப் பார்ப்பு ஒன்றினை, வளர்த்து விளையாடும் ஆசையால் பிடித்து வந்தான். கொல்ல எண்ணினானில்லை, பட்டினியிட எண்ணினானுமில்லை. தந்தை அது தீவினை என்று அறிவுறுத்த, அதனை விடுத்தான். பின்னர்த் துறவும் மேற்கொண்டான். இவ்வளவு செய்தும் அவ்வினை அவனை விட்டதா? மறுபிறப்பில் தந்தை சச்சந்தன் கொல்லப்பட, தாய் விசயை சுடுகாட்டில் அவனை ஈன்றாள். தாயையும் பிரிந்து கந்துக்கடன் இல்லத்தில் வளர்ந்தான். பார்ப்பினைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்தவன், பிறந்த அன்றே தாய் தந்தையரைப் பிரிந்தான். ஒரு பேரிலக்கியத்தின் தலைவனுக்கு நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் வேராகக் காட்டப்பட்டது போரன்று, கொலையன்று. அன்போடு வளர்ப்பதற்காக ஒரு குஞ்சினை எடுத்தது.

இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அடைத்து வளர்ப்போர் பலரும் முதலில் எடுத்துரைப்பது அன்பையே. எங்கள் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறோம் என்பர். அதில் பொய் இல்லை. அசோதரனிடமும் அன்பு குறைவில்லை.

இரண்டாவதாகச் சொல்வது, இப்பறவை கூண்டிலேயே பொரித்தது, காட்டை அறியாது, ஆதலின் இழப்பும் அறியாது என்பது. இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. விரும்பும் இடம் என்று பூஜ்யபாதர் சொன்னார். விரும்புவதற்கு ஓர் இடத்தையே அறியாத உயிர்க்கு எது கட்டு? ஆனால் பறவை விரும்பும் இடம் காடு ஒன்றே என்று நாம் ஏன் கொள்ள வேண்டும்? கூண்டில் பொரித்த கிளியும் சிறகை விரிக்கிறது; விரித்த சிறகு கம்பியில் படுகிறது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் அது. அதற்கு அடுத்த கிளையே விரும்பும் இடமாகலாம். மேலும், கூண்டில் பொரித்த குஞ்சிற்கு ஒரு தாய் உண்டு. விற்பனைக்காக முட்டையிட வைக்கப்பட்ட தாய் அது. வாங்குவோர் எவரும் அதனைக் காண்பதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்று வாயிலாலும் வினை வரும் என்று கற்ற நாம், விலை கொடுப்பது இரண்டாம் வாயில் என்பதை மறத்தலாகாது.

ஊன் உண்ணும் உயிரை வாங்கினாலோ சொல்ல வேண்டுவதேயில்லை. பந்து மலைப்பாம்பு எலி உண்டே வாழும். அதற்கென எலிகளை வளர்த்து விற்கும் வணிகமும் உள்ளது. சுவாமி கார்த்திகேயானுப்பிரேட்சை, பூனை முதலிய கொல்லும் உயிர்களை வளர்ப்பதை அனர்த்த தண்டம், அஃதாவது பயனின்றி வினையீட்டும் செயல், என்ற வகையுள் வைத்தது. உருளைக்கிழங்கையும் தவிர்க்கும் ஒரு குடும்பத்தில், மகன் வளர்க்கும் பாம்பிற்காக வாரந்தோறும் எலி வாங்கப்படுமாயின், எந்த விரதம் எஞ்சும்?

நம் கொட்டில்களில் மாடுகள் கட்டப்படவில்லையா என்ற வினா எழும். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழவர். எனவே இது நம்மையே நோக்கும் வினா. உரைகாரர் சிலர் இதற்கு ஓர் அளவு காட்டியுள்ளனர்: தீப்பற்றினால் உடனே அவிழ்க்குமாறு தளர்வாகக் கட்டுக, அதனினும் மேலாக, கட்டாமலே நம்மிடம் தங்கும் உயிர்களை மட்டும் வைத்துக்கொள்க. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட பசு மாலையில் தானே வாயிலில் வந்து நிற்கிறது. கூண்டைத் திறந்தால் கிளி வருமா? ஆமை வருமா? கொட்டிலிலும் குற்றங்கள் உண்டு. மூக்கணாங்கயிறும், கன்றுக்குரிய பாலும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கு அவ்வளவு ஒன்றே போதும்.

இன்று வீட்டில் ஏற்கனவே ஒரு கிளியோ ஆமையோ இருந்தால் என் செய்வது? படித்தவுடன் கூண்டைத் திறந்துவிடுவது கருணையன்று. இறகு வெட்டப்பட்ட கிளி அன்றே பூனைக்கோ காக்கைக்கோ இரையாகும். செங்காது ஆமை என்ற அமெரிக்க ஆமையைக் குஞ்சாக வாங்கி, வளர்ந்தபின் குளத்தில் விட்டோர் பலர். அது நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் கைக்கொள்ளும். உலகில் மிகக் கேடு விளைக்கும் வந்தேறி உயிர்கள் நூறனுள் ஒன்றாக எண்ணப்படுவது. கோயில் குளத்தில் அதனை விடுதல் அக்குளத்து உயிர்கட்கு இழைக்கும் இம்சை. நம் நாட்டுப் பறவையாயின் வனத்துறையினரிடம் ஒப்படைத்தலே வழி. பறக்கப் பழக்கி விடுவது அறிந்தோர் செய்ய வேண்டிய வேலை. வேற்று நாட்டு உயிராயின் பதிவு செய்து, இருக்கும் வரை இடம் பெருக்கி, இணை சேர்த்துப் பெருக்காமல், நன்கு காத்தல் வேண்டும். பஞ்சவர்ணக் கிளி பல பத்தாண்டுகள் வாழும். வளர்த்தவருக்குப் பின் எவர் காப்பார் என்பதையும் அக்குடும்பம் இன்றே எண்ண வேண்டும். இதுவும் கட்டே. ஆனால் அவ்வுயிரின் உயிரைக் காக்க நிற்கும் கட்டு.

இனி நாம் தயங்கித் தயங்கியே எழுதும் ஒரு செய்தி. மகாவீரர் ஜெயந்தி போன்ற நன்னாட்களில், கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கி வானில் விடும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. அதனைச் செய்வோரின் உள்ளம் தூயது. பிள்ளைகள் கைகளால் விடுவிக்கச் செய்யும் பெற்றோரின் நோக்கமும் தூயது. ஆயினும் அப்பறவைகள் எங்கிருந்து வந்தன? விழா வருகிறது என்று அறிந்தே வலை விரிக்கப்படுகிறது. ஆலம்பாலும் அத்திப்பாலும் காய்ச்சிய பசையில் சிக்கிய சில்லைகள் சிறகு ஒட்டி, நீரின்றிக் கூண்டில் நாட்கணக்கில் கிடக்கின்றன. சிலவே உயிரோடு நம் கைக்கு வருகின்றன. விடுபட்டவையும் நெடுந்தொலைவு பறக்கும் நிலையில் இல்லை. நம் பணம் சென்றதால் அடுத்த ஆண்டு வலை பெரிதாகிறது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வாங்குவதும் விற்பதும் சட்டப்படியும் குற்றமே. இம்சை என்பது பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைத்தல் என்று சூத்திரம் வரையறுக்கிறது. அறியாது செய்தவரை அவ்வரையறை எவ்வளவு தீண்டும் என்பதைச் சான்றோர் ஆய்க. அறிந்தபின் தொடர்வோர்க்கு ஐயம் இல்லை.

அப்பணத்திற்கு வேறு வழிகள் உள. தில்லிச் செங்கோட்டை எதிரே உள்ள திகம்பர ஜினாலயத்தில் பறவைகளுக்கெனவே ஒரு மருத்துவமனை நடைபெறுகிறது. அடிபட்ட பறவைகளுக்கு அங்கே சிகிச்சை தந்து, குணமானவற்றை வானில் விடுகின்றனர். நம் ஊர்களில் அத்தகைய பெருமுயற்சி இயலாவிடினும், ஆலய வளாகத்தில் கோடைக்கு நீர்த்தொட்டி வைக்கலாம். ஓர் அரசமரமோ நாவலோ நடலாம். பறவை பிடித்து விற்போர் பெரும்பாலும் வறியவர். அவர்க்கு வேறு பிழைப்புக்கு உதவுவதும் ஜீவதயையின் பாற்பட்டதே. ஒன்று மட்டும் வேண்டுகிறோம். விழாவுக்குக் கூண்டுகள் வேண்டா என்பதை ஆலய நிர்வாகிகள் வியாபாரிகளுக்குச் சில திங்கள் முன்னரே தெரிவித்துவிடுதல் வேண்டும். அன்று காலை வாயிலில் வந்து நின்றபின் மறுத்தால், பிடித்துக் கொணர்ந்த பறவைகள் வெயிலில் அக்கூண்டுகளிலேயே கிடக்கும்.