மரக்கறிக் காட்டேரியும் பழையனூர் நீலியும்

கடந்த கோடை விடுமுறையில் உறவினர் குடும்பங்கள் சில ஒன்றுகூடிச் சேர்வராயன் மலைமேல் உள்ள கொட்டச்சேட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். காப்பிச் செடிகளும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், மரந்தோறும் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும் சூழ்ந்த இடம் அது. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் குடும்பங்களாதலின், மலையில் இரவுப்பொழுது நெடிதாகவே இருந்தது. முதியோர் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செபித்துக்கொண்டிருக்க, இளம்பிள்ளைகள் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்து திரைப்படம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தனர்.

அப்படத்தின் பெயர் ‘ட்வைலைட்’. ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல், 2008இல் திரைப்படமாயிற்று. 2012க்குள் அந்நாவல் வரிசை ஐந்து படங்களாக வந்து உலகெங்கும் இளைஞரை ஈர்த்தது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’வில் குருதி குடிக்கும் பேய் அஞ்சத்தக்க பகைவனாக இருந்தது. இக்கதையிலோ அது அழகிய காதலனாகிவிட்டது. எட்வர்ட் என்னும் அக்காதலனும் அவன் குடும்பத்தாரும் மனிதக் குருதியை விலக்கியவர்கள். மான், கரடி, மலைச்சிங்கம் ஆகியவற்றை வேட்டையாடி அவற்றின் குருதியைக் குடிக்கின்றனர். அதனால் தங்களை ‘மரக்கறி உணவினர்’ என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கின்றனர்.

இதைக் கேட்ட எம் அன்னையார் திடுக்குற்றார். “மான் ரத்தம் குடிக்கிறவன் மரக்கறியா? இந்தக் காட்டேரிக் கதையைப் பிள்ளைகள் பார்க்கலாமா?” என்று கடிந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் எம் தமையனார் மகள் சற்றும் தயங்காமல், “சித்தப்பா, அவனுக்குப் பசி இருக்கிறது, அடக்கிக்கொள்கிறான். நாம் விரதம் என்று சொல்வதும் அதைத்தானே?” என்று எம்மைக் கேட்டாள். அன்றிரவு எம்மால் நேரிய விடை கூற இயலவில்லை. நகைத்துத் தள்ளத்தக்க வினாவன்று அது. மலையிலிருந்து இறங்கிய பின்னும் எம்மைத் தொடர்ந்து வந்தது. இக்கட்டுரையே அக்குழந்தைக்கு யாம் கூற விழையும் விடை.

முதற்கண், அவள் பக்கத்து நியாயத்தை ஏற்றுக்கொள்வோம். சிறு விரதத்தையும் இகழாதது நம் அறம். கதிரசாரன் என்னும் வேடனின் கதையை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். புலாலை முழுதும் விட இயலாத அவன், காக்கை இறைச்சியை மட்டும் உண்பதில்லை என்று முனிவரிடம் விரதம் ஏற்றான். பின்னர் நோயுற்றபோது காக்கை இறைச்சியே மருந்தென்று கூறப்பட்டது. உயிர் போவதாயினும் விரதம் விடேன் என்று அவன் மறுத்தான். அந்தச் சிறு உறுதியே அவனை முழுமையான அறத்திற்கு அழைத்துச் சென்று நற்கதியில் சேர்த்தது. பிற்பிறவியில் மகத மன்னன் சிரேணிகனாகிப் பகவான் மகாவீரரின் திருவடியை அடைந்தவன் அவனே. ஆகவே, மனிதரைக் கொல்லேன் என்னும் காட்டேரியின் அடக்கத்தையும் ஒரு படி என்றே கொள்ளலாம்.

ஆனால், படி வேறு, மாடம் வேறு. காக்கையை மட்டும் விட்ட வேடன் தன்னைக் கொல்லாமை நோற்றவன் என்று கூறிக்கொள்ளவில்லை. தான் இன்னும் ஏறவேண்டிய தொலைவை அறிந்திருந்தான். அதனாலேயே ஏறினான். அக்காட்டேரிக் குடும்பமோ முதற்படியில் நின்றவாறே முழுமையின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. மானும் ஐம்பொறி உடைய உயிர். அஞ்சும், ஓடும், கன்றைத் தேடும், வலியால் துடிக்கும். அதன் குருதியைக் கணக்கில் சேர்க்காத சொல் எதுவாயினும் அது கொல்லாமையாகாது. வேடிக்கையாகச் சொன்னதுதானே எனலாம். வேடிக்கையாகப் பழகிய சொல்லே நாளடைவில் எண்ணமாகிவிடுகிறது என்பதை மறத்தலாகாது.

இனி, செயலுக்கும் உள்ளே சென்று காண்போம். யசோதர காவியத்தில் அரசன் வெட்டியது உயிருள்ள கோழியை அன்று, மாவினால் செய்த கோழியை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வாள் வீசியமையால் அவனும் அவன் தாயும் மயிலும் நாயுமாகப் பிறந்து, பல பிறவிகளில் துன்புற்றனர். நீலகேசியிலோ, முனிச்சந்திர முனிவர் உயிர்ப்பலிக்கு மாற்றாக மண்ணால் செய்த உருவத்தைக் காளிக்குப் படைக்கச் சொல்கிறார். அது அறமாயிற்று. இரண்டும் பொய் உருவங்களே. முன்னதில் கொலை வேட்கை உள்ளே இருந்தது. பின்னதில் உயிரை விடுவிக்கும் கருணை இருந்தது. பாவ ஹிம்சை என்று நம் நூல்கள் கூறுவது இவ்வேறுபாட்டையே.

இந்த அளவுகோலைக் கொண்டு அக்காதலை அளந்து பார்ப்போம். வேறெவர் குருதியைக் காட்டிலும் அந்தப் பெண்ணின் குருதியின் மணமே எட்வர்டைப் பெரிதும் இழுக்கிறது. அதையே காதலின் ஆழத்திற்கு அடையாளமாகக் கதை காட்டுகிறது. எம் கவலை இங்கேதான். வேட்கையை அடக்குவது பெருமைதான். ஆனால், கொல்லத் துடிக்கும் வேட்கையையே அன்பென்று பெயரிடுவது பிழை. உன்னைக் கொல்லாமல் விட்டிருக்கிறேன் என்பது அன்பின் அளவாகாது. சினம் மிக்க ஒருவன் கை ஓங்காத நாட்களை எண்ணி, அவற்றையே அவனுடைய அன்பென்று நம்பி வாழ்நாளைக் கழித்த பெண்கள் நம் ஊர்களிலும் உண்டு. நம் பெண்மக்கள் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

பழையனூர் நீலியை எண்ணிப் பாருங்கள். நாட்டார் கதையில் பழிவாங்கும் பேயாக அறியப்பட்டவள் அவள். சமணக் காப்பியமோ அவளை வேறொரு நிலைக்கு உயர்த்துகிறது. முனிச்சந்திரரால் உயிர்ப்பலி நின்றுபோனதால் சினந்த காளி, தென்னாட்டுப் பழையனூரிலிருந்து நீலகேசியை அழைக்கிறாள். நீலகேசி முதலில் முனிவரை அச்சுறுத்துகிறாள். அது பலியாமற்போகவே, காமலேகை என்னும் பேரழகியின் வடிவெடுத்து மயக்க முயல்கிறாள். குருதி வேட்கையுள்ள ஒன்று எழில் உருவில் வந்து நிற்கும் காட்சி நமக்குப் புதிதன்று. முனிவர் அஞ்சவுமில்லை, மயங்கவுமில்லை, வெறுக்கவுமில்லை. அவள் யார் என்பதை அறிந்து உள்ளபடி கூறுகிறார். உண்மை அறியப்பட்டபோது அவள் பணிந்து, அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்கிறாள்.

இரு கதைகளும் பிரியும் இடம் இதுவே. அமெரிக்க நாவலில், காதலி இறுதியில் தானும் காட்டேரியாகிக் காட்டில் வேட்டையாடத் தொடங்குகிறாள். நம் காப்பியத்தில், காட்டேரி தன் வேட்டையை விட்டுவிடுகிறாள். அங்கே குருதி குடிப்போர் தொகையில் ஒன்று கூடிற்று. இங்கே ஒன்று குறைந்தது. அதன்பின் நீலகேசி அடங்கி ஒடுங்கி மறைந்துவிடவுமில்லை. குண்டலகேசி முதலாகப் பல சமயத்தாரோடும் அவையேறி வாதிட்டு வென்றாள். அவளது ஆற்றல் அழியவில்லை, திசை மாறிற்று. ஓர் உறவு மெய்யான அன்பா என்று அறிய விரும்பும் இளையோர், அதனால் எவர் எத்திசையில் மாறுகின்றனர் என்று நோக்குவாராக.

இவ்வளவும் கூறிய யாம் எம்மையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும். மான் குருதி குடித்து மரக்கறியினர் என்போரைக் கண்டு நகைத்தோம். நம் இல்லத் திருமணங்களில் உடுத்தும் பட்டுச் சேலை ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் மாய்கின்றனவே, அவற்றை நாம் எக்கணக்கில் எழுதுகிறோம்? நாமும் ஏதோ ஒரு படியில் நின்றுகொண்டு மாடத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள்தாமோ? அக்குழந்தையின் வினா எம்மைத் தொடர்ந்து வந்தது இதனால்தான் போலும்.

ஆதலின், அப்படத்தைப் பார்க்காதே என்று தடுப்பதில் பயனில்லை. தடுத்தால் போர்வைக்குள் பார்ப்பர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையுடன் பதிப்பித்து உலகறியச் செய்த நீலகேசி நம் கையிலிருக்கிறது. அதன் முதற் சருக்கக் கதையையாவது மாலையுணவு முடிந்த நெடும்பொழுதில் பிள்ளைகளுக்குச் சொல்வோம். இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து அவர்களே எடைபோடட்டும். எம் தமையனார் மகளுக்கு இவ்விதழை அனுப்பிவைக்கிறோம். அவள் மறுத்து எழுதினாலும் மகிழ்வோம். வாதிடும் பெண்ணைப் போற்றிய மரபு நம்முடையது.