தாய் வராத குட்டி

வைணவத்தில் அப்பா வீடு தென்கலை, அம்மா வீடு வடகலை. அதனால் பூனையா குரங்கா என்ற வழக்கு சிறுவயதிலேயே என் காதில் விழுந்துவிட்டது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. ஜீவனும் தன் பங்குக்கு முயல வேண்டும் என்பார்கள் வடகலையார். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது, அருள் ஒன்றே போதும் என்பார்கள் தென்கலையார். அந்தத் தாய் வராமலே போய்விட்டால் என்ன கதி என்று இரு வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

புனேயில் ராஸ்தா பேட்டில் இருக்கிறேன். பழைய வாடா வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் பேட்டை. மரப்படிக்கடியில் குட்டி போட்ட பூனை இடிபாட்டுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட, குட்டிகள் என் கைக்கு வந்து சேரும். நூறு கிராம் எடை, திறக்காத கண், மடங்கிய காது. இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பால். பசும்பால் ஆகாது, பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடர்தான். குப்புற வைத்தே புகட்ட வேண்டும், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே வருடிவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் குட்டிக்குச் சிறுநீர்கூடப் பிரியாது.

இதற்கெல்லாம் முந்தியது சூடு. சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. அதற்குச் சப்ப வராது. உள்ளே போனாலும் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு மடியில் அணைத்து வைத்திருப்பேன். உடம்பு சூடேறியதும் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேட ஆரம்பிக்கும். நிப்பிளைக் கவ்வியதும் நாக்கு குழல்போல் சுருளும். முன்கால்கள் என் விரலை மாறி மாறிப் பிசையும். பால் பாட்டிலை அழுத்திப் பீய்ச்சக் கூடாது, அதுவாக இழுக்க வேண்டும்.

பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை என்பதை இனி என்னால் ஏற்க முடியாது. உயிரைக் கொடுத்துச் சப்புகிறது. ஆனால் அந்த முயற்சி சூட்டுக்குப் பிறகுதான் பிறக்கிறது. சூட்டை அது சம்பாதிக்கவில்லை. முயற்சியும் தேவைதான், ஆனால் அருள்தான் முந்தியது என்பது என் முடிவு.

அந்த அருள் யார் வழியாக வரும்? தென்கலையார் தலைமேல் வைத்துப் போற்றும் பிள்ளை லோகாசாரியர், 14ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தின்மேல் படை வந்தபோது தள்ளாத வயதில் உற்சவர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார். மதுரைப் பக்கம் ஜ்யோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. அவன் நம்மைக் காப்பான் என்று கற்பித்தவர் அவனையே காக்கப் புறப்பட்டார். இங்கே மராட்டிய ஞானி ஆளந்தி ஞானேஸ்வரரும் சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்தான். ஆஷாட ஏகாதசி யாத்திரையின்போது அவருடைய பல்லக்கு பக்கத்துப் பவானி பேட்டில் வந்து தங்கும்போது, யாத்திரை போகும் வாரிக்காரர்கள் அவரை ‘மாவுலி’, தாயே என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாயை இழந்தவரும் தாயாகலாம் என்பதை இந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

ஒரு வேண்டுகோள். தனியாகக் கிடக்கும் குட்டிகளைக் கண்டதும் அள்ளிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் கதகதப்பாகத் தூங்கினால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். சில்லிட்டுக் கத்தினால் முதலில் உங்கள் உடம்போடு அணைத்துச் சூடேற்றுங்கள், பால் பிறகு. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.