“நிறுத்து” என்று சொல், தம்பி!

2004 டிசம்பர் 26. கல்பாக்கத்துக்குள் கடல் புகுந்தது. சென்னை அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் தண்ணீர் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆபத்து என்றால் முதலில் நிறுத்து, மற்றதெல்லாம் பிறகு!

தம்பி, 220 மெகாவாட் உலையையே நிறுத்தத் தெரிந்த ஊர் இது. இங்கே நின்றுகொண்டு ஒரு கிரைண்டர் மெஷினை நிறுத்தச் சொல்ல உனக்கு ஏன் நா எழவில்லை?

கல்பாக்கத்தில் வேலை என்றாலே சொந்தக்காரர்கள் கதிர்வீச்சைப் பற்றித்தான் கேட்பார்கள். புதுப்பட்டினத்தில் மாடி எழுப்புகிறவரிடமும் சதுரங்கப்பட்டினத்தில் மோட்டார் இறக்குகிறவரிடமும் நான் பேச நினைப்பது 230 வோல்ட்டைப் பற்றி.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மணல்தரையை நினைத்துப் பார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக பிளக் கிடையாது. வயர் நுனியைப் பல்லால் சீவி ஓட்டையில் விட்டு, நழுவாமலிருக்கத் தீக்குச்சியைச் செருகியிருக்கிறார்கள். பச்சை நிற எர்த் வயரை வெட்டியே விட்டாயிற்று. ஜாயிண்டில் சுற்றிய டேப் ஈரத்தில் பிரிந்து தொங்குகிறது. கேட்டால், “ஒரு நாள் வேலைதானேண்ணே!”

அந்த ஒரு நாளின் கணக்கைக் கேள். 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறக்குறைய கால் ஆம்பியர் போதும். உடம்பின் மின்தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் பட்டதும் உனக்குள் பாய்வதும் அதே கால் ஆம்பியர்தான். வியர்வையில் ஊறிய உடம்பென்றால் இன்னும் கூடும். அந்தக் கால் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். ஷாக் அடித்தால் உதறிவிடலாம் என்கிறாயா? விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. பத்துப் பதினாறு மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கை இறுகிவிடும். நீ நினைத்தாலும் விடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்து காப்பாற்றும் என்றும் நம்பாதே. கால் ஆம்பியர் அதன் கண்ணிலேயே படாது. அது வயரைக் காக்க வைத்தது. உன்னைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அது இருக்கிறதா என்று கேட்பது உன் உரிமை!

கம்பத்தில் ஏறும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. அப்படி ஒரு புயலுக்கு மறுநாள் ஊரே உன்னைச் சூழ்ந்துகொண்டு, “எப்பப்பா கரண்ட் வரும்?” என்று கேட்கும். கேட்கட்டும். எல்.சி. (லைன் கிளியர்) வாங்கிவிட்டதாலேயே லைனில் சப்ளை இல்லை என்று நம்பாதே. தெருக்கோடியில் தப்பாக இணைத்த ஒரு ஜெனரேட்டர் போதும். அதன் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கி ஏறி, மேலே 11 கே.வி. ஆகி நிற்கும். ஏ.பி. சுவிட்ச் திறந்திருப்பதை உன் கண்ணால் பார். பூட்டு. சாவி உன் சட்டைப்பையில் இருக்கட்டும். லைனை டெஸ்ட் செய். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போடு. போனில் எவ்வளவு பெரிய அதிகாரி அவசரப்படுத்தினாலும், “எர்த் போட்டுட்டு ஏறுறேன் சார்” என்று சொல். கோழையின் பேச்சல்ல அது. தொழில் தெரிந்தவனின் பேச்சு!

வேலை போய்விடுமே என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் நியாயமானதுதான். கான்ட்ராக்ட் ஆளுக்கு நாளைய கூலி நிச்சயமில்லை. உயிருக்குப் பயந்து பேசியவனை மறுநாள் வராதே என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், தனியாகப் பேசாதே. நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். சித்தாள் அக்காவும் சேர்ந்து சொல்லட்டும்; ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பது அவர்தானே! சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் பிரிவு சேர்ந்தது. உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லும் உரிமையை, ஆபத்தான செய்முறைகள் நடக்கும் ஆலைகளில் அது தந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த உரிமையைப் பிற பணியிடங்களுக்கும் கொண்டுபோனது. கெஞ்சாதே, தம்பி. நிமிர்ந்து கேள்!

நாளைக் காலை வேலையில் கை வைக்கும் முன் போர்டைத் திற. ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அழுத்து. சட்டென்று விழுந்தால் வேலையைத் தொடங்கு. விழவில்லையா? மெஷினைத் தொடாதே, சூப்பர்வைசரை அங்கேயே கூப்பிடு.