எம்பெருமானுக்கு வந்த ஜ்வரம்

ஸ்ரீ:

ஒட்ர தேசத்தில் கடற்கரையோரம் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீஜகந்நாதப் பெருமானுக்கு ஆண்டுதோறும் ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமியன்று ஸ்நான யாத்திரை என்னும் உத்ஸவம் நடந்தேறி வருகிறது. பலபத்ரர், ஸுபத்ரா தேவி, ஸுதர்சனர் ஆகியோருடன் பெருமான் ஸ்நான மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். பொற்கிணறு என்று பொருள்படும் ஸுனா கூபத்தினின்றும் கொணர்ந்த 108 குடம் தீர்த்தத்தால் திருமஞ்சனம் ஆகிறது. அன்று பக்தகோடிகள் கண்ணாரக் கண்டு ஸேவிக்கலாம். மறுநாள் முதல் பதினைந்து நாட்கள் ஸேவை கிடையாது. ஏன் எனில், அத்தனை குடம் குளிர்நீரில் நீராடியதால் பெருமானுக்கு ஜ்வரம் கண்டுவிட்டது என்பர்.

ஸர்வ ரோகங்களையும் போக்குபவனுக்கு ஜ்வரமா என்று நகைப்பவர் உண்டு. தாருமயமான திருமேனியில் பூசிய வர்ணம் நீரில் கரைந்து போவதால், அதனைப் புதுப்பிக்கும் காலமே இது என்று உள்ளதை உரைப்பவரும் உண்டு. இரண்டாவது கூற்று உண்மையே. க்ஷேத்திரத்தார் அதனை மறைப்பதும் இல்லை. ஆயினும் அந்தப் பதினைந்து நாளும் அங்கே நடக்கும் உபசாரங்களை ஊன்றி நோக்கினால், ஆயுர்வேதத்தின் ஜ்வர சிகித்ஸை முழுதும் கண்முன்னே நிற்கக் காணலாம்.

பெருமான் அணஸர க்ருஹம் என்னும் தனியிடத்தில் எழுந்தருளப் பண்ணப்படுகிறார். சபர குலத்து விச்வாவஸுவின் வழிவந்தவர்களாகக் கொள்ளப்படும் தைதாபதிகள் மட்டுமே உள்ளே சென்று பணிவிடை புரிவர். ஏனையோர்க்கு அனுமதி இல்லை. ஐம்பத்தாறு வகைப் பிரஸாதம் கண்டருளும் அப்பெருமானுக்கு அந்நாட்களில் அன்னப் பெருக்கு நிறுத்தப்பட்டு, பழங்களும் பானகமுமே நிவேதனமாகின்றன. நல்லெண்ணெயில் நறுமலர்களையும் வேர்களையும் இட்டு, மண்ணில் புதைத்து ஓராண்டு பக்குவம் செய்த புலூரித் தைலம் திருமேனியில் சாற்றப்படுகிறது. பிறகு தசமூல மோதகம் ஸமர்ப்பிக்கப்படுகிறது. வில்வம், பாதிரி, குமிழ், கண்டங்கத்திரி, நெருஞ்சில் முதலாகிய பத்து மூலிகைகளின் வேர் கொண்டு ஆக்கிய ஔஷதம் அது. பக்ஷம் முடிந்ததும் நவயௌவன தரிசனம். அதன்பின் ஆஷாட சுக்ல த்விதீயையில் ரத யாத்திரை.

தனித்திருத்தல், ஓய்வு, லகுவான ஆஹாரம், அப்யங்கம், பின்னர் ஔஷதம். இந்த வரிசையையும் நோக்க வேண்டும். ஔஷதம் கடைசியில்தான் வருகிறது. நம்மவர் வீடுகளில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

(அப்பதினைந்து நாட்களில் பெருமானைப் பிரிந்து தரியாத அடியார்கள் பிரம்மகிரியில் அலர்நாதர் ஸந்நிதிக்குச் சென்று ஸேவிப்பது வழக்கம். அலர்நாதர் என்னும் பெயர் ஆழ்வார்நாதர் என்பதன் திரிபு என்று பெரியோர் கூறுவர். ஸ்ரீ சைதன்யரும் அணஸர காலத்தில் அங்குச் சென்று தங்கியதாக அவர் சரித்திரம் உரைக்கும்.)

இந்த ஜ்வரம் வரும் காலத்தையும் கருத வேண்டும். ஆயுர்வேத ஆசார்யர்கள் ஆண்டினை ஆதான காலம், விஸர்க காலம் என இரண்டாகப் பிரித்தனர். உத்தராயணத்தில் கதிரவன் உயிர்களின் ஸாரத்தை உறிஞ்சிக்கொள்கிறான். தக்ஷிணாயனத்தில் சந்திரன் அதனைத் திரும்ப அளிக்கிறான். கடுங்கோடை முடிந்து மழை தொடங்கும் ஸந்தியில் மனிதனின் பலம் மிகத் தாழ்ந்திருக்கும், ஜாடராக்னி மந்தமாயிருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிபு. பெருமானின் ஜ்வரம் ஏறக்குறைய அதே ஸந்தியில் வருகிறது. திருவரங்கத்தில் ஆனி ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டிச் சுதைத் திருமேனியரான பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு நடப்பதும் இதே பருவத்தில் என்பதை இங்கு நினைவுகூரலாம். மார்கழிக் குளிரில் நெய் வழியும் பொங்கலை ஏற்கும் வயிறு ஆடி மழையில் அதனை ஏற்காது. அப்போது சுக்கும் மிளகும் சேர்ந்த எளிய உணவும், காய்ச்சி ஆறிய நீருமே ஹிதம்.

இன்று நோய் எதிர்ப்பு ஆற்றல் என்று வழங்குவதனைச் சரகர் வ்யாதிக்ஷமத்வம் என்றார். க்ஷமை என்றால் பொறுமை. வியாதியைப் பொறுத்து நிற்கும் தன்மை என்பது சொல்லின் பொருள். எல்லா உடல்களும் ஒரே அளவில் வியாதியைப் பொறுக்கவல்லன அல்ல என்று ஸூத்ர ஸ்தானத்தில் அவர் விளக்குகிறார். மிகப் பருத்தவர், மிக இளைத்தவர், மாமிசமும் ரத்தமும் எலும்பும் உறுதியாய் அமையாதவர், துர்ப்பலர், ஒவ்வாத உணவிலேயே வளர்ந்தவர், குறைய உண்பவர் என்று அடுக்கிவரும் அவர், அப்பட்டியலில் மனவுறுதி குன்றியவரையும் சேர்க்கிறார். உடலின் பலத்தைப் பேசும் இடத்தில் மனத்தை ஏன் வைத்தார் என்பது சிந்தித்தற்குரியது.

பலம் மூவகை என்பது மற்றோரிடத்தில் அவர் வாக்கு. பிறவியோடு வருவது ஸஹஜம். பருவத்தாலும் வயதாலும் வருவது காலஜம். இவ்விரண்டிலும் மனிதனின் கை அதிகம் இல்லை. மூன்றாவதாகிய யுக்திக்ருதம் உணவினாலும் ஒழுக்கத்தினாலும் முயன்று பெறுவது. எண்பது வயதுப் பாட்டியார்க்கும் இருபது வயதுப் பேரனுக்கும் ஒரே கஷாயம் ஒரே பலத்தைத் தந்துவிடும் என்று எண்ணுவோர் முதல் இரண்டையும் மறந்தவர் ஆவர்.

உடலாகிய மாளிகையைத் தாங்கும் துணைத் தூண்கள் மூன்று: ஆஹாரம், நித்திரை, பிரம்மசர்யம். நித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கூறுவது தகும். இரவு ஒரு மணி வரை ஒளிப்பெட்டியின் முன் அமர்ந்துவிட்டு, விடியற்காலையில் லேகியம் விழுங்குபவரைச் சரகர் கண்டிருந்தால் அவருக்கு என்ன ஔஷதம் எழுதியிருப்பார் என்று தெரியவில்லை. உறக்கம் குறைந்தால் உடலின் ரக்ஷணப் படையின் செயல் குன்றுகிறது என்பதை நவீன வைத்தியமும் கண்டு கூறுகிறது. அளவோடு உண்டு, அளவோடு உறங்கி விழிப்பவனுக்கே யோகம் துக்கத்தைப் போக்குவதாகும் என்று கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு உபதேசித்ததும் இதுவே.

ரஸாயனம் என்றால் உடனே நினைவுக்கு வருவது ச்யவனப்ராசம். ஐந்நூறு நெல்லிக்கனிகளைக் கொண்டு அதனைச் செய்யும் முறையைச் சரகர் சிகித்ஸா ஸ்தானத்தில் தருகிறார். அது சிறந்த லேகியமே. ஆனால் அதில் சர்க்கரையும் தேனும் உண்டென்பதால் மதுமேகம் உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் உண்ணலாகாது. அதே ரஸாயன அத்தியாயத்தின் இறுதிப் பாதத்தில், கடையில் கிடைக்காத மற்றொரு ரஸாயனத்தை அவர் கூறியிருப்பதைப் பலர் அறியார். அதன் பெயர் ஆசார ரஸாயனம். மெய் பேசுதல், கோபம் தவிர்த்தல், மது விலக்குதல், பிற உயிரை வருத்தாமை, மிகையாக உடலை வருத்திக்கொள்ளாமை, இன்சொல், ஜபம், சௌசம், தானம், தேவர்களையும் பசுக்களையும் குருவையும் முதியோரையும் பேணுதல், கருணை, அளவான விழிப்பும் உறக்கமும், பாலும் நெய்யும் உண்ணல் என்று அதன் சரக்குகளை எடுத்துரைக்கிறார். இவற்றை உடையவன் ரஸாயனம் உண்ணாமலேயே அதன் பலனைப் பெறுவான் என்பது அவர் கருத்து. இதைப் படிக்கும்போது வைத்திய சாஸ்திரம் முடிந்து தர்ம சாஸ்திரம் தொடங்கிவிட்டதோ என்று ஐயம் எழும். அவர் நூலில் அவ்விரண்டுக்கும் இடையே சுவர் இல்லை.

ஜ்வர சிகித்ஸையைக் கூறும் அத்தியாயத்தில், ஆயிரம் தலையுடைய ஸ்ரீவிஷ்ணுவை ஆயிரம் திருநாமங்களால் துதிப்பவன் எல்லா ஜ்வரங்களையும் போக்கிக்கொள்கிறான் என்று அவர் எழுதியிருப்பதைக் கண்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் அகமகிழ்வது இயல்பே. மகிழ்வோர் அந்த அத்தியாயம் முழுவதையும் நோக்க வேண்டும். லங்கனம், கஞ்சி, கஷாயம், க்ருதம் என்று நூற்றுக்கணக்கான ச்லோகங்களில் சிகித்ஸையை விரித்த பின்னரே அந்த வாக்கியம் வருகிறது. திருநாமம் சொல்பவன் மருந்தை விடலாம் என்று அவர் ஓரிடத்திலும் கூறவில்லை.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, ஸ்ரீஜகந்நாதரின் ஸ்நான யாத்திரையும் ரத யாத்திரையும் பக்தர்கள் கூட்டமின்றியே நடந்தன. தனித்திருத்தலின் மேன்மையை உலகோர் அனைவரும் உணர்ந்தனர். அதே வேளையில் இல்லந்தோறும் அடுப்பில் கஷாயம் கொதித்தது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய திரிகடுகம் கபத்தை அறுப்பது மெய். பித்த தேகிகள் அதனையே நாளுக்கு நான்கு வேளை அருந்தினால் வயிற்றெரிச்சலும் வாய்ப்புண்ணும் வராமல் என் செய்யும்? அமிருதவல்லி என்று போற்றப்படும் சீந்திலையும் பலர் மாதக்கணக்கில் சாறெடுத்துக் குடித்தனர். அவ்வாறு குடித்த சிலருக்குக் கல்லீரல் பழுதுபட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்துரைத்தது. வாதம் எவ்வாறாயினும், தேகம், பருவம், மாத்திரை என்னும் மூன்றையும் நோக்காமல் ஔஷதம் உண்ணலாகாது என்பது ஆயுர்வேதத்தின் சொந்த விதி. நன்கு அறியப்படாத மருந்து விஷத்தையும் நெருப்பையும் ஒக்கும் என்று சரகரே எச்சரித்திருக்கிறார்.

அதனினும் வருந்தத்தக்கது ஒன்று நிகழ்ந்தது. 2021 ஜனவரியில் தடுப்பூசி வந்தபோது, துளசித் தீர்த்தம் போதும், ஊசி வேண்டா என்று ஒதுங்கிய ஆஸ்திகர்களும் சிலர் இருந்தனர். நல்லுணவும் நல்லுறக்கமும் உடலின் பொதுவான பலத்தைக் காக்கும். ஒரு குறிப்பிட்ட கிருமியை முன்னரே இனங்கண்டு நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் பலத்தைப் பழக்குவது தடுப்பூசி. கோட்டையில் தானியம் நிரப்புவது வேறு, பகைவனின் முகத்தைக் காவலனுக்குக் காட்டிவைப்பது வேறு. இதுவும் யுக்திக்ருத பலம் என்று கொள்வதில் சாஸ்திர விரோதம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏகாதசி உபவாஸத்தின் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஓய்வளித்து, த்வாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்துப் பாரணை செய்யும் வழக்கத்தில் வைத்திய யுக்தி மறைந்திருப்பது யாவரும் அறிந்ததே. அதனை இங்கு விரிக்க வேண்டா. ஆனால் மதுமேகமும் ரத்தக் கொதிப்பும் உள்ள முதிய மாதர் பலர், விரதம் கெடும் என்று அஞ்சி, அன்று மாத்திரையையும் விட்டுவிடுகின்றனர். மயங்கி விழுந்து, ஏகாதசி இரவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுவோரும் உண்டு. நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் வார்த்தை, ஔஷதம் ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுப்பவை அல்ல என்று மஹாபாரதம் உத்யோக பர்வத்தில் தெளிவாக விதித்திருக்கிறது. எட்டாவதாக ஔஷதத்தைப் பெயர் சொல்லி வைத்ததே இத்தகைய அச்சத்தைப் போக்குவதற்காகத்தான் போலும். இன்ஸுலின் இட்டுக்கொள்வோர் முழு உபவாஸம் இருக்கலாமா என்பதை வைத்தியரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கூடாது என்று அவர் சொன்னால் பழமும் பாலும் கொண்டு, திருநாமத்தைச் சொல்லி நாளைக் கழிக்கலாம். இல்லத்திலுள்ள பிள்ளைகளும் மருமகள்மாரும் இந்த வாக்கியத்தைப் பாட்டியார்க்கு எடுத்துச் சொல்வார்களாயின் அதுவே பெரும் கைங்கர்யம்.

பெருமாள் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் உள்ள உறவைக் காண விழைவோர் புரி வரையில் போக வேண்டியதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் ஸ்ரீவேங்கடேசப் பெருமாள் ஸந்நிதி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறித்த நெடிய கல்வெட்டு ஒன்று அங்கு உள்ளது. வேதம் ஓதும் மாணாக்கர்க்கு உணவும் பாயும், சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெயும் அளித்த செய்தி அதில் காண்கிறது. அவர்களுக்கும் கோயில் பணியாளர்க்கும் நோயுற்றால் கிடந்து பண்டுவம் பெறப் பதினைந்து படுக்கைகள் கொண்ட, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலை அங்கு இருந்தது. வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை பறித்துவந்து மருந்து ஆக்குவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டுகள், நாவிதர், நீர் கொணர்வோர் என அனைவர்க்கும் கோயிலிலிருந்தே நெல் அளந்தனர். கோமூத்ர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி க்ருதம், கல்யாண லவணம் என்று ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் நிற்கின்றன. புரியில் பெருமானுக்கு ஸமர்ப்பிக்கும் அதே தசமூலம் இங்கே அடியார்களுக்கு ஔஷதமாயிற்று.

சாலையில் இருந்தோர் குடிப்பதற்கு ஏலமும் வெட்டிவேரும் இட்ட நீரைக் கொடுத்தனர். இன்று ஸந்நிதியில் கையேந்தி வாங்கும் தீர்த்தத்தின் மணம் அந்த நோயாளர்களுக்கும் பழகியதாகவே இருந்திருக்கும்.